கோலா சிலாங்கூரிலிருந்து சென்னை எத்தனை நாழிகை வழி?

தொலைவைக் காலத்தால் அளந்து சொல்லும் வழக்கம் தமிழில் மிகப் பழமையானது. ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கக்கூடிய தொலைவை ‘நாழிகை வழி’ என்றனர் நம் முன்னோர். நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஊர் எத்தனை கல் தொலைவு என்று கேட்பதைவிட எத்தனை நாழிகை வழி என்று கேட்பதே கால்நடையாகச் செல்பவனுக்குப் பயன் தந்தது. மேடும் பள்ளமும், மணலும் சேறும், தோணிக்காகக் காத்திருக்கும் ஆற்றங்கரையும் அந்த ஒரு கணக்கிலேயே அடங்கிவிட்டன.

இன்று கோலா சிலாங்கூர் வட்டாரத்திலிருந்து தமிழகம் செல்வோர் விமானத்தில் செல்கின்றனர். ‘சென்னைக்கு நான்கு மணி நேரம்’ என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றனர். பயணச் சீட்டை எடுத்துப் பார்த்தால், காலை 9 மணிக்குப் புறப்பட்டு 10.30க்குச் சென்னை சேர்வதாக அதில் இருக்கலாம். இதைக் கண்டு ஒன்றரை மணி நேரந்தானா என்று வியப்போரும் உண்டு. வீட்டை விட்டு இறங்கியது முதல் எண்ணிப் பார்த்தாலோ, ஒரு பகற்பொழுதே கழிந்திருக்கும். இவற்றுள் எது மெய்? எல்லாமே மெய்தான். ‘பயண நேரம்’ என்னும் ஒரே பெயரால் வெவ்வேறு பொருள்களை நாம் குறிப்பதே குழப்பத்துக்குக் காரணம். அவற்றைப் பிரித்தறிந்துகொள்ளுதல் மாணவருக்கு அறிவு, பயணிக்குப் பாதுகாப்பு.

தொலைவைக் காணும் முறை

முதலில் தொலைவைக் காண்போம். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தொலைவை அறிய அவற்றின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும். செப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் வடக்கே 2¾ பாகையிலும் கிழக்கே ஏறத்தாழ 101¾ பாகையிலும் அமைந்துள்ளது. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வடக்கே 13 பாகையிலும் கிழக்கே 80¼ பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் உள்ளது. எனவே வடக்குத் தெற்காக 10¼ பாகையும் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 21½ பாகையும் இவ்விரண்டையும் பிரிக்கின்றன.

பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதை 360 பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வரும். வடக்குத் தெற்காக அளக்கும்போது இந்த அளவு எங்கும் ஏறத்தாழ ஒன்றே. கிழக்கு மேற்காக அளக்கும்போது, பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக ஒரு பாகையின் நீளம் குறுகிக்கொண்டே போய், துருவத்தில் ஒன்றுமில்லாமற் போகிறது. நம் இரண்டு நிலையங்களுக்கும் நடுவான 8 பாகை அளவில் அது 110 கிலோமீட்டராக இருக்கிறது. ஆகவே:

வடக்குத் தெற்குப் பிரிவு: 10¼ × 111 = ஏறத்தாழ 1,138 கி.மீ.
கிழக்கு மேற்குப் பிரிவு: 21½ × 110 = 2,365 கி.மீ.

இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். இனிப் பைதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தி இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் கண்டால், மூன்றாவது பக்கமாக 2,625 கிலோமீட்டர் கிடைக்கிறது. உருண்டையான பூமிக்குரிய நுட்பமான கணக்கும் இதற்கு மிக நெருங்கிய விடையையே தருகிறது. ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு இடைநிலைப் பள்ளி மாணவர் ஒருவர் காணும் விடை இது.

கடலோடிகளும் வானோடிகளும் கிலோமீட்டரைக் கொள்வதில்லை. கடல் மைலைக் கொள்கின்றனர். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே கடல் மைல். அது 1.852 கிலோமீட்டர் ஆகும். அக்கணக்கில் செப்பாங்குக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,417 கடல் மைல்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். உருண்டையான பூமியில் தட்டையான முக்கோணம் எவ்வாறு பொருந்தும்? பூமியின் மேல் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி ‘பெருவட்ட’ வழியாகும். பூமியின் மையத்தினூடே செல்லுமாறு அதை ஒரு கத்தியால் இரண்டாகப் பிளந்தால், மேற்பரப்பில் விழும் வெட்டுக்கோடே பெருவட்டம். சுவரில் மாட்டிய தேசப்படத்தில் இவ்வழி வில்போல் வளைந்து தோன்றும். கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்குத் தேசப்படத்தில் கோல் வைத்து இழுத்த கோட்டின் வழியே ஒரே திசை பிடித்துச் சென்றால் ஏறத்தாழ 11,050 கிலோமீட்டர். பெருவட்ட வழியில் சென்றால் 10,600 கிலோமீட்டர் அளவே. 450 கிலோமீட்டர் அளவுக்கு மிச்சம். சென்னைப் பயணத்திலோ பெருவட்டத்தால் மிச்சமாவது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவுதான். பூமத்திய ரேகைக்கு அருகில் தேசப்படத்தின் கோடும் பெருவட்டமும் ஒன்றையொன்று ஒட்டியே செல்வதுதான் இதற்குக் காரணம். ஆகவே நம் எளிய முக்கோணம் இங்கே பொருந்துகிறது, இலண்டனுக்குப் பொருந்தாது.

கோலா சிலாங்கூரின் நிலை

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். கோலா சிலாங்கூர் மெலாவத்தி குன்றின்மேல் 1907இல் எழுப்பப்பட்ட அல்டிங்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1784இல் அக்குன்றின் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரர் தம் ஆளுநர் தலைவரின் பெயரால் அதற்கு இட்ட பெயரே விளக்கிற்கும் நிலைத்தது. அந்த இடம் வடக்கே 3⅓ பாகையிலும் கிழக்கே 101¼ பாகையிலும் உள்ளது. மேலே கண்ட முறைப்படியே கணக்கிட்டால், மெலாவத்தி குன்றிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,555 கிலோமீட்டர் வருகிறது. செப்பாங்கைவிடக் கோலா சிலாங்கூரே சென்னைக்கு 70 கிலோமீட்டர் பக்கத்தில் இருக்கிறது!

ஆயினும் விமானம் ஏற விரும்புகிறவர் தென்கிழக்கே செப்பாங்குக்குச் செல்ல வேண்டும். நேர்க்கோட்டிலேயே அது 80 கிலோமீட்டருக்கு மேல். சாலை வழியே 100 கிலோமீட்டர் அளவாகும். வடமேற்கே செல்லவேண்டியவர் முதலில் தென்கிழக்கே செல்கிறார். பிறகு விமானம் அவரைத் தூக்கிக்கொண்டு வடமேற்கே திரும்புகிறது. செப்பாங்கிலிருந்து சென்னைக்கு இழுத்த நேர்க்கோடு, கேரித் தீவின் பக்கமாகக் கரையைக் கடந்து, மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்ராவின் வடபகுதியான ஆச்சே நிலத்தின் மேலாகச் சென்று, பெரிய நிக்கோபார்த் தீவின் தென்முனையை அணுகி, பின்னர் வங்கக் கடலின் மேலேயே நீண்டு செல்கிறது.

வடசிலாங்கூர் மக்களுக்கு இத்தொலைவு எப்போதும் ஒரே அளவாக இருந்ததில்லை. கோலாலம்பூரின் விமான நிலையம் முன்பு சுங்கை பெசியில் இருந்தது. 1965இல் சுபாங் நிலையம் திறக்கப்பட்டது. கோலா சிலாங்கூரிலிருந்து சுபாங் நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டர் அளவே. புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக் முதலிய இடங்களிலிருந்து செல்வோர்க்கு அது கைக்கெட்டும் தொலைவாக இருந்தது. 1998இல் செப்பாங் நிலையம் திறக்கப்பட்டுப் பன்னாட்டு விமானங்கள் அங்கே மாறியபோது, அவர்களுக்குத் தரைவழி இரட்டித்தது. தஞ்சோங் காராங்குக்கும் அப்பால் சபாக் பெர்ணம் பகுதியில் இருப்பவர்க்கு நேர்க்கோட்டிலேயே 140 கிலோமீட்டர் அளவாயிற்று. வானத்துத் தொலைவு ஏறத்தாழ அப்படியே இருந்தது. வாசற்படிக்கும் ஓடுபாதைக்கும் இடையேயான தொலைவுதான் நீண்டது.

நான்கு மணி எங்கிருந்து வந்தது?

சென்னைக்குச் செல்லும் விமானம் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 840 கிலோமீட்டர் அளவான வேகத்தில் பறக்கிறது. 2,625ஐ 840ஆல் வகுத்தால் 3 மணி 7½ நிமிடம் வருகிறது. அட்டவணையோ நான்கு மணி நேரத்தை ஒட்டிக் காட்டுகிறது. எஞ்சிய முக்கால் மணிக்கு மேற்பட்ட நேரம் எங்கே போயிற்று?

ஒன்று, புறப்பட்ட உடனேயே விமானம் முழு வேகத்தை அடைவதில்லை. 10,000 அடிக்குக் கீழே பெரும்பாலான வான்வெளிகளில் மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல் செல்லக் கூடாது என்பது விதி. ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த மெதுவான பகுதி உண்டு. இரண்டு, வானத்திலும் பாதைகள் வகுக்கப்பட்டுள்ளன. விமானம் குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டே செல்ல வேண்டியிருத்தலின், உண்மையில் பறக்கும் வழி நேர்க்கோட்டைவிடச் சற்று நீளும். இறங்குமிடத்தில் முன்னே விமானங்கள் இருந்தால் வட்டமிட்டுக் காத்திருக்கவும் நேரும். மூன்று, அட்டவணை நேரம் சக்கரம் தரையை விட்டதிலிருந்து எண்ணப்படுவதன்று. நின்ற இடத்தை விட்டு விமானம் நகர்ந்த கணம் முதல் மறுநிலையத்தில் நின்ற இடம் சேரும்வரை எண்ணப்படுகிறது. ஓடுபாதைவரை ஊர்வதும், வரிசையில் நிற்பதும், இறங்கியபின் மீண்டும் ஊர்வதும் இதில் அடங்கும். மேலும், சிறு தாமதங்களைத் தாங்கும்பொருட்டுச் சில நிமிடங்களைக் கூட்டிவைப்பதும் வழக்கம்.

இவ்வாறு ‘பறக்கும் நேரம்’ ஒன்று, ‘அட்டவணை நேரம்’ மற்றொன்று என இரண்டாயிற்று.

காற்றின் பங்கு

பறக்கும் நேரமும் என்றும் ஒன்றாக இருப்பதில்லை. விமானம் காற்றுக்குள் செல்கிறது. காற்றும் தானே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆற்றோட்டத்தோடு செல்லும் படகும் ஓட்டத்தை எதிர்க்கும் படகும் போன்றதே இது. சிலாங்கூர் ஆற்றில் படகு செலுத்துவோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமாகிய ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு வலிய காற்றோட்டம் வீசுகிறது. தரையில் வீசும் பருவக்காற்று மேற்கிலிருந்து வர, அதற்கு நேர்மேலே கிழக்கிலிருந்து காற்று வருவது இயற்கையின் விந்தை. இக்கீழைக் காற்றோட்டத்தை ஆராய்ந்து 1958இல் விரிவாக எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருப்பினும், அதன் கீழ்ப்பகுதி விமானங்களைத் தொடுகிறது. ஆகவே அம்மாதங்களில் சென்னை செல்லும் விமானத்துக்குக் காற்று துணை. திரும்பும் விமானத்துக்கு எதிர்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அக்காற்று வீசுகிறதென வைத்துக்கொள்வோம். போகும்போது விமானத்தின் வேகம் தரையைப் பொறுத்தவரை 900 ஆகும். பயணம் 2 மணி 55 நிமிடத்தில் முடியும். வரும்போது வேகம் 780 ஆகும். 3 மணி 22 நிமிடம் பிடிக்கும். ஒரே வழி, ஒரே விமானம். 27 நிமிட வேறுபாடு. இதில் மாணவர் சிந்திக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. காற்றே இல்லாதிருந்தால் போய்வர 6 மணி 15 நிமிடம். காற்று இருந்தால் 6 மணி 17 நிமிடம். போகும்போது வந்த ஆதாயம் வரும்போது ஆகும் இழப்பை ஈடுசெய்வதில்லை. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் செலவிடுவதால், அக்காற்றும் அதிக நேரம் அதை எதிர்க்கிறது. உதவி குறைந்த நேரமே நிற்கிறது; தடையோ நெடுநேரம் நிற்கிறது.

கடிகாரம் செய்யும் மாயம்

மூன்றாவதாகச் சீட்டில் காணும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் விமானச் சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகின்றன. மலேசிய நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. காலை 9 மணிக்குப் புறப்பட்டு 10.30க்குச் சேரும் விமானத்தின் பயணம், சீட்டுப்படி ஒன்றரை மணி. அதனோடு இரண்டரை மணியைக் கூட்டினால் நான்கு மணி. சென்னையில் இரவு 11.30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6 மணிக்குச் செப்பாங் சேரும் விமானத்துக்குச் சீட்டுப்படி ஆறரை மணி. இரண்டரையைக் கழித்தால் அதுவும் நான்கு மணிதான். மேற்கே போகும்போது கூட்டு, கிழக்கே வரும்போது கழி என்று மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்.

இந்த இரண்டரை மணி முழுவதும் சூரியன் தந்ததா? அன்று. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. 21½ பாகைக்கு 86 நிமிடம். செப்பாங்கில் உச்சிக்கு வந்த சூரியன் சென்னையில் உச்சிக்கு வர 86 நிமிடமே பிடிக்கிறது. எஞ்சிய 64 நிமிடம் மனிதர் வகுத்த கணக்கு. இந்தியா 82½ பாகைத் தீர்க்கரேகையைத் தன் நேரத்துக்கு அடிப்படையாகக் கொண்டது; சென்னை அதற்கு மிக அருகில் இருத்தலின், அங்கே சூரியன் நண்பகல் 12 மணி 9 நிமிடமளவில் உச்சியை அடைகிறது. மலேசியா 120 பாகைக்குரிய நேரத்தைக் கொண்டுள்ளது. அத்தீர்க்கரேகையோ தீபகற்பத்துக்கு வெகு கிழக்கே, சபாவையும் தாண்டிச் செல்கிறது. ஆகவே கோலா சிலாங்கூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பிற்பகல் 1.15 அளவைக் காட்டுகிறது. இரண்டு ஊர்களிலும் மாதத்துக்கு ஏற்ப இது கால் மணி முன்பின்னாக மாறும். தோட்டப்புறப் பிள்ளைகள் இருட்டோடு எழுந்து பள்ளிக்குப் புறப்படுவதற்கும் இதுவே காரணம்.

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் முன்பு அரைமணி பிந்தியிருந்தது. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் கொள்ளும்பொருட்டு, 1982 ஜனவரி 1 முதல் அது அரைமணி முன்னே நகர்த்தப்பட்டது. அதற்கு முன் இந்தியாவுக்கும் நமக்கும் இருந்த வேறுபாடு இரண்டு மணிதான். ‘இந்தியா இரண்டு மணி பிந்தியது’ என்று சொல்லும் முதியோர் தவறாகச் சொல்வதில்லை. 1981 வரை மெய்யாக இருந்ததையே சொல்கின்றனர்.

கடிகாரக் கணக்கில் பிழை நேர்ந்தால் வருந்த வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று நள்ளிரவு. ‘15ஆம் தேதி 00.20’ என்று சீட்டில் இருந்தால், 14ஆம் தேதி மாலையே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு செல்பவர், பறந்து போய்விட்ட விமானத்தையே தேடிச் செல்கிறார். மற்றொன்று மருந்து. நேரந்தவறாமல் இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர், எந்த ஊர்க் கடிகாரப்படி அடுத்த ஊசியைப் போடுவது என்பதைப் புறப்படுமுன்பே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டரை மணி வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், உணவும் ஊசியும் முன்பின்னானால் கேடு விளையும்.

வாசல் முதல் வாசல் வரை

நான்காவது, நம் முன்னோர் நாழிகை வழி என்று குறித்த முழு நேரம். கோலா சிலாங்கூரிலிருந்து செப்பாங் சேர இரண்டு மணி. பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி முன்னதாக நிலையத்தில் இருத்தல் வேண்டும். அட்டவணைப்படி நான்கு மணி. குடிநுழைவும் பெட்டியும் முடித்து வெளியேற ஒரு மணி. ஆகப் பத்து மணி நேரம். நான்கு மணிப் பயணம் என்றது பத்து நாழிகை. வாசல் முதல் கணக்கிட்டால் இருபத்தைந்து நாழிகை. செப்பாங்கில் இரண்டு முனையங்கள் உள்ளன. இரண்டாவது 2014இல் திறக்கப்பட்டது. தம் விமானம் எதில் நிற்கும் என்று பாராமல் செல்பவர்க்கு இன்னும் ஒரு நாழிகை கூடலாம்.

இந்தக் கணக்கின் அருமை துயர வேளையில்தான் விளங்கும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் நெருங்கிய உறவினர் ஒருவர் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறதென வைத்துக்கொள்வோம். செய்தி ஒரு நொடியில் வந்துவிடுகிறது. ‘எப்போது வந்து சேர்வாய், எத்தனை மணிக்கு எடுக்கலாம்?’ என்று அங்கிருந்து கேட்கின்றனர். சென்னையா, திருச்சியா என்று முடிவு செய்ய வேண்டும். கோலாலம்பூரிலிருந்து இரண்டுக்கும் நேரடி விமானங்கள் உள்ளன. திருச்சி சென்னைக்குத் தெற்கே இருப்பதால் நமக்குப் பக்கம் என்று பலர் எண்ணுவர். கணக்கு வேறு சொல்கிறது. திருச்சி தெற்கே இருப்பதோடு மேற்கேயும் தள்ளியிருக்கிறது. செப்பாங்கிலிருந்து அதற்கு ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். சென்னையைவிட 60 கிலோமீட்டருக்குச் சற்று மேலாகவே தொலைவு.

ஆயினும் துயர வீட்டுக்குச் செல்பவர் தேர்ந்துகொள்ளத் தக்கது திருச்சியே. அங்கிருந்து தஞ்சாவூர் 55 கிலோமீட்டர் அளவு. ஒன்றரை மணியில் சேரலாம். சென்னையிலிருந்தோ சாலை வழியே 300 கிலோமீட்டருக்கு மேல்; ஆறரை மணி எனலாம். திருச்சி வழி மொத்தம் 11½ மணி. சென்னை வழி 16½ மணி. வானத்தில் தொலைவான நிலையம், வாசலுக்கு ஐந்து மணி நேரம் பக்கமாக இருக்கிறது! இரண்டு நிலையங்களுக்கு இடையேயான தொலைவை மட்டும் அறிந்தவர், கடைசியாக ஒருமுறை முகம் காணும் வாய்ப்பை இழக்கக்கூடும். ஆனால் திருச்சி விமானம் மறுநாள்தான், சென்னை விமானம் இன்னும் சில மணியில் என்றால், முடிவு மாறும். எந்த விமானம் எப்போது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே, ‘இத்தனை மணிக்கு வந்துவிடுவேன், காத்திருங்கள்’ என்று சொல்ல வேண்டும்.

கப்பற் காலம்

இந்த ஐந்து மணி வேறுபாட்டை எண்ணிப் பார்க்க முடிகிற நிலைக்கு நாம் வந்ததே அண்மைக் காலத்தில்தான். நம் முன்னோர் இவ்வழியைக் கடலில் கடந்தனர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் 1973 வரை தமிழகத் துறைமுகங்களுக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிற்று. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அப்பயணிகள் சேவை முடிவுற்றது. மணிக்கு 12 கடல் மைல் செல்லும் கப்பல், 1,417 கடல் மைலை எங்கும் நில்லாமல் நேரே கடப்பதாகக் கொண்டாலும் 118 மணி நேரம் பிடிக்கும். அதாவது ஐந்து நாள், 300 நாழிகை. துறைதோறும் நின்று சென்றமையால் மெய்யான பயணம் ஒரு வாரம் அளவில் ஆயிற்று. அக்காலத்தில் மரணச் செய்தி கேட்டுப் புறப்பட்டுச் சென்று உடல் காணும் எண்ணமே எழ இடமில்லை. பால்மரக் காட்டிலிருந்து எத்தனையோ பேர் கடிதம் பார்த்துத் தலைமுழுகியதோடு தம் கடனை முடித்துக்கொண்டனர். தொலைவு அன்றும் இதுவே. ஒரு கிலோமீட்டரும் குறையவில்லை. நாழிகைதான் குறைந்தது.

ஆசிரியர்க்கு

பாடநூலில் வரும் பயணக் கணக்குகள் பெரும்பாலும் ‘அ’ என்னும் ஊருக்கும் ‘ஆ’ என்னும் ஊருக்கும் இடையே நடப்பவை. பெயரில்லாத அவ்வூர்களுக்குப் பதிலாகக் கோலா சிலாங்கூரையும் திருச்சியையும் கரும்பலகையில் எழுதினால், மாணவர் கண்ணில் ஓர் ஒளி தோன்றும். நேரத்தைக் கூட்டவும் கழிக்கவும் அறிந்த தொடக்கப்பள்ளி மாணவர் சீட்டின் கணக்கைத் தீர்க்கலாம். வேகத்தால் வகுக்கத் தெரிந்தவர் பறக்கும் நேரத்தைக் காணலாம். பைதாகரஸ் தேற்றம் கற்றவர் தம் வீட்டிலிருந்தே தொலைவை அளக்கலாம். பெஸ்தாரி ஜெயாவின் பிள்ளையும் சபாக் பெர்ணத்தின் பிள்ளையும் வெவ்வேறு விடை கொண்டுவருவர். இரண்டும் சரியாக இருக்கும்.

அப்பிள்ளைகளுள் ஒருவர் என்றேனும் ஒரு நாள் பாட்டியின் பயணச் சீட்டை வாங்கிப் பார்த்து, ‘இது நாளை இரவன்று, இன்று இரவு, இப்போதே புறப்பட வேண்டும்’ என்று சொல்லக்கூடும். கணக்கு கற்பித்ததன் பயன் அங்கே கைகூடும்.